யத்தீம் தலையைத் தடவுன கை

எங்க பெரியத்தா இறந்து நாப்பதாம் நாள் பாத்திஹா வருது. அதுக்கு நோட்டீஸ் அடிக்கிறாங்களாம். அவரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுக்கச் சொல்லி அவரோட சின்ன மவன் போன வாரம் எனக்கு போன் பண்ணினான். நான் கும்பகோணத்துல டீச்சரா இருக்கேன், அதனால எழுத வரும்னு நெனப்பு. "நபி பேரைக் கேட்டாலே அழுவாங்களே, அதை வச்சே எழுதிடுக்கா"ன்னான். சரின்னு சொல்லி போனை வச்சிட்டேன். வச்ச கையோட குழாயடியில போயி கையைக் கழுவிக்கிட்டேன். ஏன் கழுவினேன்னு அப்புறம்தான் யோசிச்சேன்.

அழுவாருதான், யாரு இல்லன்னா? மொதல்ல கீழ் உதடு துடிக்கும். அப்புறம் தோள்ல கெடக்குற துண்டு கண்ணுக்குப் போவும், கண்லேர்ந்து மூக்குக்கு வரும், அதே துண்டு மறுபடி கண்ணுக்குப் போவும். தொண்டையில ஒரு கரகரப்பு வந்து உக்காந்துக்கும். அந்தக் கரகரப்போட அவரு "எங்க நாயகமே"ன்னு சொன்னா, கூடத்துல இருக்குற ஆம்பளைங்க அத்தனை பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்குவாங்க. பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து மூக்குறிஞ்சுற சத்தம் கேக்கும். நான் மட்டும் மூக்கைப் பொத்திக்குவேன். அத்தரும் கண்ணீரும் வேர்வையும் கலந்து அவரு மேல ஒரு வாடை அடிக்கும். இன்னிக்கும் பஸ்ல யாராவது அந்த அத்தரைப் போட்டுக்கிட்டு பக்கத்துல வந்து நின்னா நான் எழுந்து வேற எடம் பாத்துப் போயிடுவேன்.

அவரு எங்க அத்தாவோட, அதாவது அப்பாவோட, கூடப்பொறந்த அண்ணன். எங்க அத்தா வயல்ல பம்புசெட்டைத் தொட்டு கரண்டு அடிச்சு மௌத்தாயிட்டாங்க. அப்ப எனக்கு மூணு வயசு. அத்தா இல்லாத புள்ளையை எங்கள்ல யத்தீம்னு சொல்லுவாங்க. அன்னியிலேர்ந்து எனக்கு அதுதான் பேரு. அரசலாத்துக் கரையில எங்க ஊரு. நன்னா, அதாவது எங்க அத்தாவோட அத்தா, பெரிய வீட்டுல இருந்தாங்க. அவங்ககூட பெரியத்தா குடும்பம். கொல்லைப்பக்கத்துல ரெண்டு ரூமும் ஒரு அடுப்படியுமா ஓட்டு வீடு ஒண்ணு, அதுல நானும் அம்மாவும். பின்னால வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினா வயலு. சம்பா நடவு முடிஞ்சதும் ராத்திரியெல்லாம் தவளை கத்தும், அம்மா என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குவாங்க.

யத்தீம் தலையைத் தடவிக் குடுத்தா, தடவுற ஒவ்வொரு முடிக்கும் ஒரு நன்மைன்னு பயான்ல, பள்ளிவாசல் பேச்சுல, சொல்லுவாங்க. எனக்கு முடி வேற ஜாஸ்தி. பெரியத்தாவுக்கு அது நல்ல தோதாப் போச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு யாராவது வீட்டுக்கு வந்து உக்காந்தா, உள்ளேர்ந்து என்னைக் கூப்புடுவாரு. "இங்க வா தங்கம், பெரியத்தாகிட்ட வா." நான் போயி நிக்கணும். ஈரக் கையை என் உச்சந்தலையில வச்சு முன்னேர்ந்து பின்னால இழுத்து இழுத்துத் தடவுவாரு. "நாயகமும் யத்தீமா இப்படித்தான் நின்னுருப்பாங்க"ன்னுவாரு, பொசுக்குனு கண்ணு நெறஞ்சிடும். வந்தவங்க "உங்களுக்கு சொர்க்கம்தான்"னுட்டு காப்பி குடிப்பாங்க. ஆள் இல்லாத நாள்ல அந்தக் கை என் பக்கம் வந்ததே கெடையாது. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பாத்து நானா போயி அவரு பக்கத்துல நின்னேன், அஞ்சு வயசு இருக்கும். பேப்பரைத் திருப்பிக்கிட்டே "என்ன, போயி வெளாடு"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் நான் அம்மாகிட்ட தலைக்கு சீயக்கா போட்டு விடச் சொல்லி அழுதேனாம். அம்மா இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

நபி வழியை அவரு விட்டதே இல்ல. எந்த நபி வழிங்கறதுதான் விஷயம். பேரீச்சம்பழம் நபி வழி, தேன் நபி வழி, அத்தர் நபி வழி. நாயகத்துக்கு ஆட்டுல முன்சப்பைக் கறி புடிக்கும்னு எங்கயோ கேட்டுட்டாரு. அதுலேர்ந்து எங்க வீட்டுல முன்சப்பையை வேற யாரும் கண்ணால பாத்ததில்ல. நாயகத்துக்கு சுரைக்காயும் புடிக்கும். அது கொல்லை வீட்டுக்கு வந்துடும். நாயகம் கிழிஞ்ச துணியை அவங்களே தச்சுக்கிட்டாங்க, செருப்பை அவங்களே ஒட்டுப் போட்டுக்கிட்டாங்க, வீட்டு வேலையில கூடமாட நின்னாங்கன்னும் எங்க பள்ளிவாசல்ல தொழ வைக்கிற ஹஜ்ரத்து பயான்ல சொல்லுவாரு. பெரியத்தா அதுக்கும் அழுவாரு. அழுது முடிச்சு வீட்டுக்கு வந்து, அஞ்சடி தள்ளி இருக்குற பானையிலேர்ந்து தண்ணி மொண்டு குடுக்க பெரியம்மாவை மாடியிலேர்ந்து கூப்புடுவாரு.

மவ்லூது மாசம் வந்தாதான் அவரோட அழுகைக்கு முழு வேலை. இப்ப மவ்லூது ஓதலாமா கூடாதான்னு ஊருக்கு ஊரு சண்டை நடக்குது. அப்ப அதெல்லாம் இல்ல. நபி பொறந்த அந்த மாசத்துல பன்னெண்டு நாளும் எங்க நன்னா வீட்டுக் கூடத்துல நபியோட புகழை ஓதுற மவ்லூது உண்டு. ஊதுபத்திப் புகை, மல்லிப்பூ, கடைசி நாளு நெய்ச்சோறு. ஓதி முடிஞ்சதும் ஹஜ்ரத்து தமிழ்ல நாயகத்தோட வரலாறு சொல்லுவாரு. அவங்க வயித்துல இருக்கும்போதே அத்தா மௌத்து. ஆறு வயசுல அம்மா மௌத்து. எட்டு வயசுல வளத்த நன்னாவும் மௌத்து. அப்புறம் அத்தாவோட அண்ணன், அவங்க பெரியத்தா, கூட்டிட்டுப் போயி தன் புள்ளைங்களோட புள்ளையா வளத்தாரு. வியாபாரத்துக்கு வெளியூரு போறப்பகூட விட்டுட்டுப் போக மனசு வராம கூடவே அழைச்சிட்டுப் போனாரு. இந்த எடம் வந்ததும் எங்க பெரியத்தா உடைஞ்சு போயிடுவாரு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேத்துத் தூக்கிக் காட்டுவாரு. யத்தீமை ஆதரிக்கிறவங்களும் நாயகமும் சொர்க்கத்துல இப்படிச் சேந்து இருப்பாங்கன்னு அர்த்தம். பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்த அம்மா என் காதுல சொன்னாங்க: "அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல நீதாண்டி மாட்டிக்கிட்டே." எனக்கு அப்ப புரியல. சிரிச்சு வச்சேன்.

எனக்கு எட்டு வயசு நடக்குறப்ப, மவ்லூதோட பன்னெண்டாம் நாளு, ஹஜ்ரத்து அந்த எடத்தைச் சொல்லி முடிச்சிருந்தாரு. பெரியத்தா தேம்பிக்கிட்டிருந்தாரு. நன்னா என்னைக் கூப்புட்டு மடியில உக்கார வச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அப்பவே மூச்சு வாங்கும். எல்லாரையும் பாத்து, கொல்லை வீடு இவளுக்கும் இவ அம்மாவுக்கும்தான், நான் இருந்தாலும் இல்லன்னாலும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது, கேட்டுக்குங்கன்னாங்க. கூடமே கேட்டுச்சு. பெரியத்தா எழுந்து ஓடி வந்து நன்னாவையும் என்னையும் சேத்துக் கட்டிக்கிட்டாரு. "அத்தா, இதை நீங்க என்கிட்ட சொல்லணுமா? என் உசுரு இருக்குறவரைக்கும் இவ என் மவ"ன்னு கதறினாரு. என் சட்டை தோள்பட்டையெல்லாம் ஈரமாயிடுச்சு.

எங்க ஊரு பள்ளிவாசல்ல தொழுகைக்குப் பாங்கு சொல்ற மோதினார் ஒருத்தர் இருந்தாரு. ஒல்லியா, ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கும். அவரு மட்டும் மெதுவா சொன்னாரு, வாயால சொன்னது போதாது, ஒரு காயிதத்துல எழுதி இருக்குறவங்க கையெழுத்து வாங்கிடலாம், மார்க்கத்துலயும் அதுதான் சொல்லியிருக்குன்னு. கூடத்துல இருந்த அத்தனை பேரும் அவரை ஏதோ சோத்துல மண்ணள்ளிப் போட்டவரைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. நாயகத்தோட பேருக்கு இப்படி அழுவுற மனுசன்கிட்ட காயிதம் கேப்பியான்னாங்க. நன்னாவுக்கே வெக்கமாப் போச்சு, விடுங்கன்னாங்க. அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு. எங்க ஊருக்காரங்க பண்ணுன தப்பு அதுதான். ஒரு மனுசனோட கண்ணீரைப் பத்திரம்னு நெனச்சுட்டாங்க.

நன்னா அடுத்த குறுவை அறுப்புக்கு இல்ல. மூணாம் பாத்திஹா கழிஞ்ச ரெண்டாம் வாரம், கொல்லை வீடு நெல் போட வேணும்னு பெரியத்தா சொல்லி அனுப்பினாரு. அம்மா ஊர்ப் பஞ்சாயத்தான ஜமாஅத்துல முறையிட்டாங்க. ஜமாஅத்துக்குத் தலைவரு யாரு? அவரேதான். பள்ளிவாசல் வராந்தாவுல கூடினாங்க, அம்மாவும் நானும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னோம். அவரு எதையும் மறுக்கல. அத்தா சொன்னாங்க, நான் கேட்டேன், நீங்களும் கேட்டீங்கன்னாரு. துண்டை எடுத்தாரு. ஆனா மவன் உசுரோட இருக்குறப்ப, முன்னாடியே செத்துப்போன மவனோட புள்ளைக்கு சொத்துல பங்கு இல்லன்னு நாயகம் கொண்டாந்த சட்டம் சொல்லுதேன்னாரு. "அத்தாவோட ஆசைக்காக நாயகத்தோட சட்டத்தை நான் மீறினா, நாளைக்கு அவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?" அவ்வளவுதான். தேம்பல் வந்துடுச்சு. வந்திருந்தவங்க பாதிப் பேரு கூடச் சேந்து அழுதாங்க. ஹஜ்ரத்து படிச்ச மனுசன், அவருக்குத் தெரியும். ஆனா அவரு அந்தப் பள்ளிவாசல்ல தலைவரு தயவுல இருக்குறவரு. பாயோட ஓரத்தைப் பிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு.

மோதினார்தான் எழுந்தாரு. "பங்கு இல்லன்னுதான் சட்டம். குடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

அடுத்த மாசம் எங்க பள்ளிவாசல்ல வேற ஆளு பாங்கு சொன்னாரு.

நாங்க ரைஸ்மில் பக்கத்துல ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். தவிட்டுத் தூசி பாயில, தட்டுல, கண்ணுல எல்லாம் வந்து படியும். அம்மா விடிகாலையில இடியாப்பம் அவிச்சு வித்தாங்க, சாயங்காலம் பொம்பளைப் புள்ளைங்களுக்கு குர்ஆன் ஓதிக் குடுத்தாங்க. ஒருதடவை ஏதோ வேலையா நான் பழைய கொல்லைப் பக்கம் போனேன். நாங்க படுத்திருந்த ரூம்ல நெல் மூட்டை, அடுப்படியில நெல் மூட்டை. மழையில நனஞ்சு ஒரு ஓரம் மொளைச்சுக் கெடந்துச்சு. மக்குன வாடை. அந்த நெல்லைக்கூட அவரு ஒழுங்கா வச்சுக்கல.

எனக்குப் பதிமூணு பதினாலு வயசுல ஒரு கெட்ட காலம் இருந்துச்சு. நபி பேரைச் சொன்னாலே எரிச்சல் வரும். அவங்க பேருக்கு வாழ்த்தா சொல்ற ஸலவாத்து வாயில வராது. அந்தப் பேரோட கூடவே அந்த அத்தர் வாடையும் ஈரக்கையும் வந்து நிக்கும். அம்மா கவனிச்சுட்டாங்க. இடியாப்ப மாவு பெசஞ்சுக்கிட்டே பேசினாங்க. அந்த நாயகத்தை வளத்த பெரியத்தா கடைசி வரைக்கும் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வரல, தெரியுமா உனக்குன்னாங்க. ஊரே தள்ளி வச்சப்பவும், சோறு தண்ணி இல்லாம கெடந்தப்பவும், அந்தப் புள்ளையை அவரு கைவிடல. உன் பெரியத்தா ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கலிமா சொல்றாரு. "அவங்களை வச்சு இவரை அளந்து பாரு. இவரை வச்சு அவங்களை அளக்காத." அதுக்கப்புறம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா சரியாச்சு. நபிங்கறவங்க அழுவுறதுக்கு இல்ல, அளக்குறதுக்குன்னு அம்மாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

அவரு அழுகை பொய்யின்னு நான் ரொம்ப நாளு நெனச்சிருந்தேன். அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. பொய்யழுகையா இருந்தா நான் எப்பவோ மன்னிச்சிருப்பேண்டி, அது நெசமா வருது, அதான் எனக்குக் கொமட்டுதுன்னுவாங்க. யோசிச்சுப் பாத்தா உண்மைதான். அழுது முடிச்சதும் அவரு மொகம் குளிச்சுட்டு வந்த மாதிரி தெளிவா இருக்கும். நல்லாப் பசிக்கும். குடுக்க வேண்டியதைக் குடுத்து முடிச்சாச்சுங்கற நிம்மதி அதுல இருக்கும்.

என் நிக்காஹ்வுக்கு அவருகிட்டதான் போக வேண்டி வந்துச்சு. அத்தாவும் நன்னாவும் இல்ல, கூடப்பொறந்தவனும் இல்ல, அப்ப பொண்ணைக் குடுக்குற வலிங்கற அதிகாரம் அத்தாவோட அண்ணனுக்குத்தான். பங்குல நான் யாரோ, நிக்காஹ்ல நான் அவரு பொண்ணு. அம்மா அந்த வீட்டு வாசப்படி ஏறிப் போயி கேட்டுட்டு வந்தாங்க. உடனே ஒத்துக்கிட்டாரு. பந்தல்ல மைக்கைப் புடிச்சு, ஒரு யத்தீமைக் கரை சேத்துட்டேன், நாயகம் என்னைப் பாத்து சிரிப்பாங்கன்னு அழுதாரு. அப்புறம் உள்ள வந்து, நான் பூ வச்சு முக்காடு போட்டிருந்த தலையில கையை வச்சு இழுத்துத் தடவினாரு. ஊசி குத்தி வச்சிருந்த முக்காடு கலைஞ்சு போச்சு. அன்னிக்கு அவரு தன் எலைக்கு முன்சப்பைக் கறி வருமான்னு என் மாமியார் வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டாரு. சீ, என்ன மனுசன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால அவரோட பெரிய மவன் வெளிநாட்டுல மாரடைப்புல மௌத்தாயிட்டான். நல்ல பையன், என்னோட சேந்து வாய்க்கால்ல மீன் புடிச்சவன். எனக்கு நெஜமாவே அழுகை வந்துச்சு. ரெண்டு பொண்ணுங்க அவனுக்கு, பெரியவளுக்கு ஏழு வயசு. அவங்களும் அவன் பொண்டாட்டியும் பெரியத்தா வீட்டுலதான் இருந்தாங்க. பெரியத்தா இருக்குறவரைக்கும் சரி, அப்புறம்? சின்ன மவன் உசுரோட இருக்கான். சட்டப்படி அந்தப் புள்ளைங்களுக்குப் பங்கு இல்ல. சின்ன மவன் பொண்டாட்டி இப்பவே ரூமை அளந்து பாக்குறான்னு ஊர்ல பேச்சு.

போன வருசம் ஒருநாள் பெரியம்மா போன் பண்ணினாங்க. பேத்திங்களுக்கு எழுதி வைக்கிறாங்க, நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம், உன்னைத்தான் கேக்குறாங்கன்னாங்க. முடியாதுன்னேன். ஏன் என்னைக் கேக்குறாருன்னு எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுட்டா ஊரு பழசைப் பேசாது, அவரு மனசுல இருக்குறதும் அடங்கிடும். அம்மாதான் பொடவையை மாத்திக்கிட்டு வந்து நின்னாங்க. அந்தப் புள்ளைங்க என்னடி பண்ணுச்சுன்னு ஒரே கேள்வி. கார் புடிச்சுப் போனோம்.

அவரு கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. ஒடம்பு பாதியாயிருந்துச்சு, அத்தர் வாடை மட்டும் கொறையல. பத்திர எழுத்தர் ஒருத்தர் நாற்காலியில, பக்கத்துல ரெண்டு பொண்ணுங்களும் அவங்க அம்மாவும். பக்கத்து வீட்டுக்காரர் மொதச் சாட்சியாப் போட்டு முடிச்சிருந்தாரு. என்னைப் பாத்ததும் பெரியத்தாவுக்கு உதடு துடிச்சுது.

"நாயகமே யத்தீமா வளந்தவங்க இல்லையாம்மா. இந்தப் புள்ளைங்களை நான் எப்படி வெறுங்கையோட விட்டுட்டுப் போவேன்?"

நான் சொன்னேன், "சட்டப்படி பங்கு இல்லையே பெரியத்தா."

"பங்கு இல்லம்மா"ன்னாரு. "குடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

அந்தப் பேச்சை அவரு எங்க கேட்டாருன்னு அவருக்கு ஞாபகம் இல்ல. மொகத்தைப் பாத்தேன், கொஞ்சம்கூட இல்ல. தானா யோசிச்சுக் கண்டுபுடிச்ச மாதிரி சொன்னாரு. மோதினாரைப் பத்திச் சொல்ல வாயைத் தொறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டாங்க.

பத்திர எழுத்தர் சொத்து விவரத்தை வாசிச்சாரு. பெரிய வீட்டுல பாதி. அதோட, தெற்கே வாய்க்காலை எல்லையா வச்ச, கொல்லைப்பக்கத்து ரெண்டு ரூமும் அடுப்படியும் உள்ள ஓட்டு வீடு. அவரு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போனாரு. பெரியம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பெரியத்தா என்னைப் பாத்துக்கிட்டிருந்தாரு, கண்ணு நெறஞ்சு தளும்பிக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் குடுத்ததை எடுத்து இன்னொரு யத்தீமுக்குக் குடுக்குறாரு, அதுக்கு நான் சாட்சி. அம்மாவைத் திரும்பிப் பாத்தேன். அம்மா அந்தப் பெரிய பொண்ணைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"போடு"ன்னாங்க.

போட்டேன். ஒவ்வொரு பக்கத்துலயும் எங்க காட்டினாங்களோ அங்கெல்லாம், பள்ளிக்கூடத்துல போடுற மாதிரி முழுப் பேரும் தெளிவாத் தெரியறாப்புலப் போட்டேன். குனிஞ்சிருந்த என் தலைக்கு அந்தக் கை வந்துச்சு. நான் நகந்துட்டேன். கை அந்தரத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு, பக்கத்துல நின்ன அந்தப் பெரிய பொண்ணு தலையில போயி எறங்குச்சு. முன்னேர்ந்து பின்னால இழுத்து இழுத்துத் தடவுச்சு. அவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. தோளு ரெண்டையும் காது வரைக்கும் தூக்கிக்கிட்டா. எனக்கு அது நல்லாத் தெரிஞ்ச தோளு. எட்டி அவ கையைப் புடிச்சு என் பக்கம் இழுத்துக்கிட்டேன்.

பெரியத்தா பத்திரத்து மேல குனிஞ்சாரு, தேம்பல் ஆரம்பிச்சுடுச்சு, தாடியில சொட்டு நின்னுச்சு.

"அழுவாதீங்க பெரியத்தா"ன்னேன். "காயிதம் நனஞ்சிடும். இந்தத் தடவை காயிதம் வேணும்."

பத்திர எழுத்தர் பதறிப்போயி காயிதத்தை எடுத்து பைலுக்குள்ள வச்சாரு. பெரியத்தா துண்டைக் கையில புடிச்சபடி என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அதைக் கண்ணுக்குக் கொண்டு போகல. நான் பாத்து அவரு அழுகையை நிறுத்துனது அந்த ஒரு தடவைதான்.